தோட்டத்தின் விலை

பிறர் துன்பத்தில் விளைந்த அழகைக் கண்டு நாம் மகிழலாமா? பழைய கோட்டைகளின் பூங்காக்களையும் அரண்மனைத் தோட்டங்களையும் காணச் செல்லும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் வினா இது. ஸ்காட்லாந்து நாட்டுக் கோட்டைத் தோட்டங்களின் பெருமையை உலகம் பேசுகின்றது. அந்நாட்டு நகரொன்றின் பெயரைத் தாங்கிய அபர்டீன் கடைத்தெரு அந்தமானிலும் உண்டு. அக்கரையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில், நம் வினாவை வைத்து ஆராய்வதற்குரிய தோட்டம் ஒன்று இருக்கின்றது. அதுவே ராஸ் தீவு. 2018 டிசம்பர் 30 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கப்பெறுகின்றது.

1858 மார்ச் 10ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் போர்ட் பிளேயரில் வந்திறங்கினார். முந்திய ஆண்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்டோர் அவர்களுள் பலர். ராஸ் தீவின் காட்டை வெட்டித் திருத்தியவை கைதிகளின் கைகளே. தப்பியோடிப் பிடிபட்டவர்களுள் 80க்கும் மேற்பட்டோர் அவ்வாண்டிலேயே ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். அக்காடுகளோ கிரேட் அந்தமானியரின் வாழ்விடம். 1859இல் அபர்டீனில் அவர்கள் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றனர். ஆயிரக்கணக்கில் வாழ்ந்த அக்குடி, இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டது.

இவ்வாறு திருத்திய நிலத்தில் சீப் கமிஷனர் மாளிகையும், அதைச் சூழ்ந்த தோட்டமும், தேவாலயமும், நடன மண்டபமும், நீச்சற்குளமும் எழுந்தன. கீழ்த்திசைப் பாரிஸ் என்று அத்தீவைப் புகழ்ந்தனர். 1941 ஜூன் 26ஆம் நாள் நிலநடுக்கம் அதனைக் குலுக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் அத்தீவுகளைக் கைப்பற்றினர். பின்னர் ராஸ் தீவு தலைமையிடமாகவே இல்லை. இன்று ஆலின் இனத்து மரங்கள் சுவர்களை வேர்களால் தழுவி நிற்கின்றன. மாளிகையார் உலாவிய இடங்களில் புள்ளிமான்கள் மேய்கின்றன.

இக்காட்சியைக் கண்டதும், “எல்லாம் அநித்தியம்” என்று சொல்லி நாம் அமைதி அடைகின்றோம். அச்சொல் உண்மையே. ஆயினும் அதனை எளிதாகச் சொல்லிவிடுவதில் ஓர் இடர் உண்டு. ஆண்டவனும் அழிந்தான், அடிமைப்பட்டவனும் அழிந்தான் என்று இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால், இடையில் நிகழ்ந்த கொடுமைக்குக் கணக்கே இல்லாமற் போகும். இருவருக்கும் மரணம் பொது. ஆனால் வாழ்வு பொதுவாக இருக்கவில்லையே! ஒருவன் நிழலில் இருந்தான். மற்றவன் அந்நிழலுக்காக வெயிலில் மண் சுமந்தான். அநித்தியம் என்பது பற்றை அறுக்கும் வாள். பிறர் துயரை மறைக்கும் திரையன்று.

ஆகவே, அநித்தியத்தோடு சார்பையும் சேர்த்துக் காணவேண்டும். எதுவும் தானே தோன்றுவதில்லை. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்பது பகவரின் போதனை. பூவைக் காணும் கண் மண்ணையும் நீரையும் காண்பதோடு, அந்நீரைச் சுமந்த தோளையும் காணவேண்டும். அதுவன்றோ நற்காட்சி!

தோட்டத்தை வெறுப்பது பௌத்த நெறியன்று. ஆராமம் என்னும் சொல் இன்பந்தரும் சோலையைக் குறிப்பது. அதுவே பிக்குகள் உறையும் இடத்திற்கும் பெயராயிற்று. ஜேதவனத்தை அநாதபிண்டிகர் நிலமெங்கும் பொன்னைப் பரப்பி வாங்கினார் எனப் பௌத்த மரபு கூறும். அத்தோட்டத்தின் விலையை அவர் தம் கையால் கொடுத்தார். பயனைச் சங்கத்திற்கு விட்டார். ராஸ் தீவிலோ விலையைக் கொடுத்தவர் ஒருவர். பயனைத் துய்த்தவர் வேறொருவர். இரண்டும் சோலைகளே. எனினும் அறத்தின் முன் இரண்டும் ஒன்றாகா.

“அக்கொடுமையை நாம் செய்யவில்லையே, நாம் ஏன் வருந்தவேண்டும்?” என்று சிலர் வினவலாம். மெய்தான். வினை என்பது சித்தத்தின் எண்ணமே ஆதலால், அவர்கள் செய்த தீவினை நம்மைச் சாராது. ஆயினும், அறிந்தபின் மறக்க விரும்புவதும் ஓர் எண்ணமே, அது நம்முடையது. கண்டு மகிழ்வது பிழையன்று. பயனை மட்டும் பெற்றுக்கொண்டு, விலை கொடுத்தவனை மறப்பதே பிழை.

ஆதலின் எத்தோட்டத்திற்குச் சென்றாலும் மூன்று வினாக்களைக் கேட்போமாக. இது யார் நிலம்? யார் உழைப்பு? யார் துய்த்தனர்? உடன் வரும் சிறுவர்களுக்கும் இவ்விடைகளைச் சொல்வோமாக. பெயர் தெரியாத அக்கைதிகளை நாம் விடுவிக்க இயலாது. ஆனால் இன்றும் பாத்தி கட்டி, நீர் இறைத்து, குப்பை பெருக்கி நமக்காகச் சோலைகளைக் காப்போர் நம் கண்முன் நிற்கின்றனர். அவர்களுக்கு நேரிய கூலியும் மதிப்பும் கிடைக்கச் செய்வது நம்மால் இயலும். பழைய தோட்டத்தின் விலையை உணர்ந்தோம் என்பதற்கு அதுவே சான்று.