இறகு கட்டிய தூண்டில்



தூண்டில் முள்ளைச் சுற்றிக் கோழி இறகையும் மினுங்கும் தாளையும் நூலால் கட்டி, சிறிது ஈயம் சேர்த்தால் பொய் இரை தயார். சும்மா கிடந்தால் மீன் திரும்பியும் பாராது. வள்ளம் இழுக்க இழுக்கத்தான் அது சிறுமீன்போல் துள்ளும். பாரை பாய்ந்து கௌவும். கிடைப்பதோ இறகு, பாவம்!

சோதனையைப் பற்றி எழுதிய புனித யாகப்பர், இரை காட்டி மயக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டார் (யாக். 1:14). கடவுளைக் குற்றம் சொல்லாதீர், உங்களை இழுப்பது உங்கள் சொந்த ஆசையே என்கிறார்.

தகப்பன்மாரே, முற்றத்தில் நீங்கள் இறகு கட்டுவதைக் குந்தியிருந்து பார்க்கும் மகன், பொழுதுபட நீங்கள் தவறணைப் பக்கம் நடப்பதையும் பார்க்கிறான். முடிச்சுப் போட அவன் ஒரே நாளில் பழகிவிட்டான்.