பேத்தியும் காகிதக் குவளையும்

"ஊருக்குப் போகிறோம்!" இந்த இரண்டே சொற்களில்தான் எத்தனை இன்பம்! எழும்பூரிலே இரவு வண்டி ஏறினால், பொழுது புலரும் நேரத்தில் மன்னார்குடி. அங்கிருந்து பேருந்திலே அரைமணி நேரப் பயணம். இருமருங்கும் முற்றித் தலைசாய்ந்த சம்பா, தெளிந்தோடும் வாய்க்கால், 2018 நவம்பரில் கஜா புயல் வேரோடு சாய்த்த தென்னைகளுக்கு ஈடாக நட்டு, இப்போதுதான் பாளை தள்ளத் தொடங்கியிருக்கும் இளந்தென்னைகள். திண்ணையிலே காத்திருப்பாள் அப்பாயி. "வாடி என் தங்கம்!" என்று பேத்தியை வாரியெடுத்து அவள் உச்சி முகரும் வேளையில், பகுத்தறிவாளனுக்கும் கண் பனிக்கத்தான் செய்யும், தோழனே! அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்கு வயது மகளோடு, சென்ற பொங்கலுக்கு ஐந்து நாள் ஊரிலே தங்கி வந்தேன். அந்த ஐந்து நாளில் ஒரு போரிலே வென்றேன். இன்னொரு போரிலே, அது போர் என்பதையே அறியாமல், தோற்றுக்கொண்டிருந்தேன். வென்ற கதையை மேடையிலே சொல்லலாம், கைதட்டுவீர்கள். தோற்ற கதைக்கு மேடை கிடையாது. ஏட்டிலேதான் எழுத வேண்டும்.

வென்ற கதை சிறியது. வந்த அன்று மாலையே பெரியப்பா, சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்று கூடம் நிறைந்துவிட்டது.

"புள்ளைக்கு நாலு வயசாயிடுச்சு. குலசாமிக்கு முடி எறக்கி, மாமன் மடியில வச்சுக் காது குத்தணும். எப்ப?" என்றார் பெரியப்பா.

"அவள் வளர்ந்து, வேண்டுமென்று அவளே கேட்கும்போது" என்றேன்.

விட்டார்களா! மூன்று மணி நேரம்! சாத்திரம் வந்தது, சம்பிரதாயம் வந்தது, "ஊரு என்ன பேசும்" வந்தது, இறுதியிலே கண்ணீரும் வந்தது. ஒரு கேள்விதான் என்னை நிறுத்தியது. "ஏண்டா, புள்ள மேல எங்க வழக்கத்தைத் திணிக்கிறது தப்புன்னா, உன் கொள்கையைத் திணிக்கிறது மட்டும் ஞாயமா?" என்றார் பெரியப்பா. இலேசான கேள்வி அன்று இது. நம் தோழர்களிலே பலர் இதைக் கேட்டதும் சிரித்து மழுப்புவர். நான் சொன்னேன்: "நான் எதையும் செய்யச் சொல்லவில்லையே, பெரியப்பா. இன்று செய்யாமல் விட்டால், நாளை அவள் விரும்பினால் செய்துகொள்ளலாம். இன்று செய்துவிட்டால், வேண்டாமே என்று நாளை அவள் சொல்லும்போது காதின் துளையை யார் அடைப்பது?" பெரியப்பா பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டார். எங்கள் குடும்பத்திலே அதுதான் போர் நிறுத்த அறிவிப்பு!

மறுநாள் காலை, மகளின் கன்னத்திலே கால் ரூபாய் அளவுக்குக் கறுப்புப் பொட்டு. கண்ணேறு கழிக்கவாம். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாளாவிருந்தேன். கொள்கைப் பிடிப்புள்ள தோழர்கள் என்னைக் கடியக்கூடும், கடியட்டும். என் தாய் எனக்கு முன்னே பெற்ற இரண்டு குழந்தைகளை ஐந்து வயது நிறையுமுன் மண்ணுக்குக் கொடுத்தவள். அவர்களிலே ஒருத்தி, என் அக்காள், வயிற்றுப்போக்கிலே போனாள். 1971-இல் வங்கத்து அகதி முகாமிலே மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் புகட்டியே எண்ணற்ற உயிர்களை மீட்டார். அந்தச் செய்தி எங்கள் ஊர்க் கொல்லைப்புறத்துக்கு வந்து சேருமுன்னே என் அக்காளின் கதை முடிந்துவிட்டது. உப்புநீர் தெரியாத தாய் கறுப்புப் பொட்டை நம்பினாள். அவள் கையிலே அன்று வேறு என்ன இருந்தது? அந்தப் பொட்டிலே இருப்பது மடமை மட்டுமன்று; ஆறாத புண்ணும் இருக்கிறது. பொட்டினால் குழந்தைக்குக் கேடில்லை, குளித்தால் போய்விடும். கேடுண்டு என்றால் பொறுத்திருக்க மாட்டேன். மகள் பிறந்த பத்தாம் நாள் தேனைத் தொட்டு நாவிலே வைக்க வந்த விரலை நான்தான் தடுத்தேன். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிலே இருக்கக்கூடிய கிருமியின் வித்து, குடலிலே வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சாக மாறவல்லது. அன்று அம்மா அழுதாள். ஆயினும் விரலை எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவு எச்சரிக்கையோடு இருந்தவன்தான் ஏமாந்தேன்!

எங்கள் வயலிலே ஐம்பதாண்டுக்கு மேலாக உழைத்துவரும் முதியவர் ஒருவர் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தந்தை என் பாட்டனாரின் பண்ணையாள். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதற்கு ஈராண்டு முன்பே நடைமுறைக்கு வந்தது. அவர் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருவது கொல்லை வழியாகத்தான். என் சிறுவயதில் அவருக்கென்று ஓர் அலுமினியக் குவளை, மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகிக் கிடக்கும். இப்போது அது இல்லை. கடைத்தெருவிலே நூறு நூறாக அடுக்கி விற்கிறார்களே, அந்தக் காகிதக் குவளை வந்துவிட்டது. என்னே முன்னேற்றம்! செருக வேண்டாம், கழுவ வேண்டாம், குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம். இரட்டைக் குவளை என்று எவனும் குற்றம் சாட்டவும் முடியாது. தூய்மைக்காக, உடல்நலத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். சனாதனம் சாகவில்லை, தோழனே. செலவோடு செலவாகக் காகிதச் சட்டை மாட்டிக்கொண்டது!

இரண்டாம் நாள் காலை எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரிலே தேநீர் வந்தது. கொல்லையிலே நின்ற முதியவருக்குக் காகிதக் குவளையிலே போயிற்று. என் மகள் அதைப் பார்த்தாள். சென்னையிலே காகிதக் குவளை என்றால் பிறந்தநாள் விருந்து. அதிலே வண்ணம் இருக்கும், குதூகலம் இருக்கும். "அப்பாயி, எனக்கும் அந்தக் கப்புல பால் வேணும்" என்றாள்.

"அது நமக்கில்லடி, தங்கம்" என்றாள் அம்மா.

நமக்கில்லை! எவ்வளவு மெல்லிய குரல், எவ்வளவு கனிவான முகம்! நான் நாளேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். காதிலே விழுந்தது, வாய் திறக்கவில்லை. முந்தின நாள்தான் மூன்று மணி நேரம் முழங்கியிருக்கிறேன், மறுபடியுமா? ஐந்தே நாள்தானே, அம்மா மனம் நோகுமே, அவளுக்கும் வயதாகிவிட்டதே... அடுக்கடுக்காகக் காரணங்கள். கோழையின் களஞ்சியத்திலே காரணத்துக்கா பஞ்சம்!

நான்காம் நாள் மாலை, முற்றத்திலே விளையாடிக்கொண்டிருந்த என் மகள், கொல்லைப்பக்கம் திரும்பி, அந்த முதியவரைப் பெயர் சொல்லி அழைத்தாள். தாத்தா என்றன்று, வெறும் பெயர். "இங்க வா! பந்து எடுத்துக் குடு!" என்றாள்.

கூடமே சிரித்தது. "பாத்தியா, யாரு பேத்தி!" என்று பெருமை பொங்கிற்று பெரியப்பாவுக்கு. முதியவரும் சிரித்தார். தோளிலே கிடந்த துண்டு கைக்கு இறங்கியது. "இதோ வந்துட்டேங்க, சின்னம்மா" என்றார். எழுபதுக்கு மேற்பட்டவர், நாலு வயதுக்கு!

யாரும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. வருணம் என்றோ, குலம் என்றோ ஒரு சொல் அவள் காதிலே விழவில்லை. வீட்டிலே யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டாள். எந்தக் குவளை எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்தாள். பெரியவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டாள். மூன்று நாள் போதியதாக இருந்தது. அமெரிக்காவிலே 1940-ஆம் ஆண்டுகளில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் எனும் உளவியல் அறிஞர் இணையர், கறுப்பினச் சிறுவர் சிறுமியர்முன் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் வைத்து, எது நல்லது என்று கேட்டார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள அந்தப் பிஞ்சுகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பள்ளிகளில் நிறவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்த ஆய்வும் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. இதை நான் கூட்டங்களிலே பேசியிருக்கிறேன். என் முற்றத்திலே நடந்தபோதோ நாளேடு படித்துக்கொண்டிருந்தேன்!

உறவைக் காண ஊருக்குப் போன வேறொரு குழந்தையின் நினைவு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. 1901-ஆம் ஆண்டு. சதாராவிலிருந்து, கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைக் காண, ஒன்பது வயதுப் பீமராவ் தன் அண்ணனோடும் சகோதரியின் பிள்ளையோடும் புறப்படுகிறான். புதுச் சட்டை, புதுத் தொப்பி, முதல் இரயில் பயணம். மசூர் நிலையத்திலே இறங்குகிறார்கள், தந்தைக்கு மடல் சேரவில்லை, அழைத்துப்போக ஆளில்லை. அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, மகர் வீட்டுப் பிள்ளைகள் என்று அறிந்ததும் முகம் மாறுகிறார். வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிச் செல்ல, வண்டிக்காரன் உடன் நடந்து வருகிறான். கூடையிலே சோறு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லை. சோறிருந்தும் பட்டினியாக இரவு கழிகிறது. அறிவர் அம்பேத்கர் பின்னாளில் இதை எழுதும்போது, அந்நிகழ்ச்சி தம் உள்ளத்திலே அழியாத் தழும்பாகிவிட்டது என்றார். தண்ணீர் மறுக்கப்பட்ட குழந்தையின் கதை நமக்குத் தெரியும். மறுக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தையின் கதையை யார் எழுதுவது? அந்தக் குழந்தைக்கு வலிக்காது. செல்லம் கொஞ்சியே கற்றுத் தருவார்கள். அவள் தழும்பு அடுத்தவர் உடலிலே அல்லவா ஏறும்!

"அவ்வளவு பெரிய விஷயமா இது? ஒரு டம்ளர்!" என்பீர். சேரன்மாதேவி குருகுலத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்டனர், அவ்வளவுதானே, அவர்தம் பெற்றோரின் விருப்பம் அது, என்றார்கள். வரதராசலு நாயுடுவும் பெரியாரும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 1925-இல் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கிற்று அந்த இரண்டு இலை. அன்று பெற்றோரின் விருப்பம்; இன்று அப்பாயியின் விருப்பம். கேடயம் மாறியிருக்கிறது, அவ்வளவே. முடியிறக்குவது என் மகளின் தலையைப் பற்றியது, காத்திருக்கலாம், வாதாடலாம். குவளையோ இன்னொரு மனிதரின் மானத்தைப் பற்றியது. அதிலே காத்திருக்க எனக்கு உரிமை ஏது?

முற்றத்திலே அன்று நான் எழுந்து சென்று, மகளின் பக்கத்திலே குனிந்து, "தாத்தா என்று கூப்பிடு, 'எடுத்துக் கொடுங்கள்' என்று கேள்" என்றேன். சிரிப்பு நின்றது. மகள் விழித்தாள், பிறகு சொன்னாள். அம்மா உள்ளே போய்விட்டாள். "எல்லார் முன்னாடியும் என்னைத் தாழ்த்திட்டியேப்பா" என்று இரவிலே சொன்னாள். அவள் தன்னையே தாழ்த்தியதாக எடுத்துக்கொண்டது சரிதான். எனக்கும் வலித்தது.

ஆனால், தோழனே, இதை வெற்றி என்று எழுத என் பேனா கூசுகிறது. மறுநாள் காலை வாய்க்கால் கரையிலே அந்த முதியவர் என்னிடம் தனியே சொன்னார்: "நீங்க அஞ்சு நாள்ல போயிடுவீங்க, தம்பி. நான் இங்கதானே இருக்கணும்." நான் நியாயம் பேசினேன், எனக்கு அதனால் தாயின் மனத்தாங்கல். அவருக்கோ அதனால் கூலியே போகலாம். என் மனச்சான்றின் செலவை அவர் கணக்கிலே எழுதிவிட்டேனோ? இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. என் மகளைத் திருத்துவதற்கு அவருடைய ஒப்புதல் தேவையில்லை என்பது வரை தெரிகிறது. என் குடும்பத்தை எதிர்த்து அவரை நிறுத்திவைக்க எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வரப்பு மிக ஒடுங்கியது.

"ஏன் போகிறாய்? குழந்தையை அந்த நச்சுக் காற்றிலே ஏன் நிறுத்துகிறாய்?" என்றார் நண்பர் ஒருவர். அவருக்குச் சென்னையிலே எட்டாவது மாடியில் வீடு. அங்கே பணிப்பெண்ணுக்குத் தனி மின்தூக்கி உண்டு! காற்று எங்கே தூயது? கெளுத்தியையும் விராலையும் பிரித்தறிய என் மகளுக்கு யார் கற்றுத் தருவது? கதை சொல்லித் தூங்கவைக்கும் மடி எந்தக் கடையிலே கிடைக்கும்? அந்த மடி அவள் உரிமை. பறிக்க நான் யார்?

புறப்படும் நாளன்று நானே தேநீர் கலந்து, எல்லோருக்கும் போலவே எவர்சில்வர் டம்ளரிலே எடுத்துச் சென்று முதியவரிடம் கொடுத்தேன். கொல்லைப் படியிலே நான் உட்கார்ந்தேன், அவர் உட்காரவில்லை. நின்றபடியே குடித்தார். பிறகு அந்த டம்ளரை அம்மா ஒருமுறை தேய்த்தாள், கழுவினாள், மீண்டும் ஒருமுறை தேய்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எறியவும் இல்லை.

வண்டியிலே, சன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் திடீரென்று கேட்டாள்: "அந்தத் தாத்தா குடிச்ச டம்ளரை மட்டும் அப்பாயி ஏம்ப்பா ரெண்டு தடவ தேய்ச்சாங்க?"

"அப்பாயிக்குச் சின்ன வயசுல யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க."

"யாரு?"

"அவங்களோட அப்பாயி."

சற்று யோசித்தாள். "அந்த அப்பாயி எங்க இருக்காங்க? அவங்ககிட்டயும் போய்ச் சொல்லலாம்ல?"

வரும் தையிலும் போகிறோம். ஒரே அளவில், ஒரே வார்ப்பில், ஒரு டஜன் டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன்.