தோற்கப் போகிறவருக்கு ஓட்டு

தாராசுரத்துப் பட்டு நெசவாளர் வீதிகளில் தேர்தல் காலத்தில் காது கொடுத்துக் கேட்டால், குழித்தறியில் அமர்ந்து நாடா ஓட்டுகிறவரும், தெருவில் பாவை நீட்டிப் பிடித்து அறுந்த இழைகளைப் பிணைக்கிறவரும் ஒரே புத்திமதியைச் சொல்வார்கள்: ஜெயிக்கிறவருக்குப் போடுவதே ஓட்டு, தோற்கிறவருக்குப் போடுவது அதைப் பாழாக்குவது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்த காவிரிக்கரை மக்களுக்கு இது விவேகமாகப் படுவதில் வியப்பில்லை. ஆயினும், வெற்றி நிச்சயம் என்ற ஒன்றையே கண்டு ஓட்டளிக்கும் பிரஜை தம் அபிப்பிராயத்தைச் சொல்வதில்லை; பிறருடைய அபிப்பிராயத்தை ஊகித்து, அதற்குக் கையொப்பம் இடுகிறார். ஊரார் அனைவரும் இவ்விதமே ஊகிக்கத் தொடங்கினால், ஒருவருடைய மனமும் பெட்டிக்குள் விழாது.

இந்தத் தர்மசங்கடம் 1999-ல் இந்தச் சீமைக்கே நேர்ந்தது. தாராசுரத்துக்கு மேற்கே, காவிரிக் கரையிலுள்ள கபிஸ்தலத்தைச் சேர்ந்த ஜி. கே. மூப்பனார், அ.தி.மு.க.வோடு உறவு கொள்வதென்ற காங்கிரஸ் மேலிடத்தின் முடிவை ஏற்க மறுத்து 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸைத் தோற்றுவித்து, தி.மு.க.வோடு சேர்ந்து அவ்வாண்டே மக்களவையில் 20 இடங்களைப் பெற்றார். மூன்றே ஆண்டுகளில், தி.மு.க. பாரதிய ஜனதாவோடும் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடும் கைகோத்துவிட்ட நிலையில், அவர் எந்தப் பக்கமும் சாயாமல், விடுதலைச் சிறுத்தைகளையும் புதிய தமிழகத்தையும் துணைகொண்டு மூன்றாவது அணியாக நின்றார். இரு பெருங் கூட்டணிகளுக்கு நடுவே அந்த அணி கரையேறுவது அரிது என்பதை அறியாதார் இல்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. 1996-லும் 1998-லும் அக்கட்சி வென்றிருந்த, கும்பகோணத்தை உள்ளடக்கிய மயிலாடுதுறையும் காங்கிரஸின் மணிசங்கர் ஐயருக்குப் போயிற்று.

அந்த ஓட்டுகளெல்லாம் பாழாயினவா? கொள்ளிடத்துக்கு வடக்கே, சிதம்பரம் தொகுதியில் அதே அணியின் சைக்கிள் சின்னத்தில் நின்ற தொல். திருமாவளவனுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டளித்தார்கள். அவர் தோற்றார். வாக்குப்பதிவு நாளன்று அத்தொகுதியில் தலித் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. தம் வீடு எரியலாம் என்று தெரிந்தும், தம் அபேட்சகர் வெல்லமாட்டார் என்று தெரிந்தும் ஒரு சமூகம் வரிசையில் நின்று விரலில் மையிட்டுக்கொண்டதை வீண் என்று சொல்ல எவருக்கு நா எழும்? எந்தக் கூட்டணியும் அதுவரை பொருட்படுத்தாத ஒரு கூட்டத்தின் பலம் அன்றைக்குத்தான் எண்ணிக்கையில் ஏறியது. அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே பெரிய கட்சிகள் அவர்களைத் தேடி வந்தன. 2009-ல் அதே சிதம்பரத்தில், தி.மு.க. அணியில் நின்று, திருமாவளவன் வென்றார்.

இத்தனையும் சொன்ன பிறகும் எதிர்வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. 2000-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை நிர்ணயித்த புளோரிடாவில், புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 537 ஓட்டுகளே. வெல்ல வாய்ப்பே இல்லாத ரால்ப் நாடருக்கு அங்கே விழுந்தவை 97,000-க்கும் மேல். மனச்சாட்சிக்குப் பங்கமின்றி நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு நாடருக்கு ஓட்டளித்தவர்கள் வீடு திரும்பியிருக்கலாம். அந்தத் திருப்திக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர். தர்மத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. சிதம்பரத்துக் குடிசைவாசிகள் தங்கள் ஓட்டின் விலையைத் தாங்களே கொடுத்தார்கள். தம் நஷ்டத்தைத் தாமே ஏற்கிறவருடைய பிடிவாதத்துக்கு ஒரு பெருமை உண்டு. நல்லவர் ஒருவருக்கு ஓட்டளித்தோம் என்று தாம் பெருமிதம் கொள்ள, கொடியவர் ஆட்சிக்கு வருவதால் நேரும் துன்பத்தை வேறு யாரோ அனுபவிக்கட்டும் என்று விடுகிறவருக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

ஓட்டு எண்ணும் முறையையும் கணக்கில் கொள்ளவேண்டும். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். ஆகவே 2024-ல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு முதல் விருப்பத்தை அளித்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, வெல்லக்கூடியவர்களுள் தமக்கு உகந்தவரை அடுத்தபடி குறிக்கவும் இடமிருந்தது. நம் தொகுதிகளில் அந்த வசதி இல்லை; ஒரே பொத்தான், ஒரே அழுத்தம். ஆகவே இங்கே தேர்வு அதிக சிரமமானது.

அபேட்சகர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. அ.தி.மு.க. உறவை எதிர்த்தே பிறந்த தமிழ் மாநில காங்கிரஸ், 2001 சட்டமன்றத் தேர்தலில் அதே அ.தி.மு.க.வோடு சேர்ந்தது; மூப்பனார் காலமான மறு வருஷம், 2002-ல், காங்கிரஸிலேயே ஐக்கியமாயிற்று. 1999-ல் தோல்வி என்று தெரிந்தே சைக்கிளுக்குப் போட்டவர்களின் செயல் இதனால் பிழையாகிவிடாது. எனினும் அவர்கள் ஒப்படைத்த நம்பிக்கை நிறைவேறாமல் போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

அதனால், அடுத்த தேர்தலில் வெல்ல வாய்ப்பில்லாத நல்லவர் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்து கைகூப்பினால், ஜெயிப்பாரா என்று கேட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். எண்ணிக்கை முடிந்த மறுநாள் எங்கே நிற்பீர்கள், யாரோடு நிற்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கொண்டு உங்கள் ஓட்டைத் தீர்மானியுங்கள்.