சிட்டையும் விலைப்பலகையும்

பத்தாம் வகுப்பில் அணிகளைக் கூட்டுவதில் யாருக்கும் குழப்பமில்லை. அந்தந்த இடத்து எண்ணை அந்தந்த இடத்து எண்ணோடு சேர்த்தால் ஆயிற்று. பெருக்கல் வந்ததும் வாத்தியார் கட்சி மாறிவிடுகிறார்: முதல் அணியின் நிரையை எடு, இரண்டாம் அணியின் நிரலோடு பெருக்கு, பிறகு கூட்டு. ஏன் இந்தச் சுற்றுவழி?

ஒரு மளிகைச் சிட்டையைப் பாருங்கள். அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர். அண்ணாச்சி கடையில் விலை முறையே 60, 150, 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி சிட்டையின் ஓரத்தில் 600, 300, 400 என்று எழுதுகிறார். கீழே கோடு கிழித்து 1300. பொருளுக்குப் பொருள் பெருக்கினார், கடைசியில் கூட்டினார். அளவுகளைப் படுக்கையாக எழுதினால் நிரை, விலைகளை நெடுக்காக எழுதினால் நிரல். வாத்தியார் சொன்னதும் இதுவேதான்.

ஒரு வீடு, ஒரு கடை என்றால் இதற்கு அணி எதற்கு, விரல் போதும். பக்கத்து வீட்டுச் சிட்டையும் வருகிறது: 5, 1, 2. தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் விலை 55, 160, 420. சிட்டைகள் 2×3 அணி, விலைகள் 3×2 அணி. உள்ளே நிற்கும் இரண்டு 3-களும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதிக்குக் காரணம், அவை அதே மூன்று பொருள்கள் என்பதுதான். சிட்டையில் புளி இருந்து விலைப்பலகையில் இல்லாவிட்டால் யார்தான் கணக்குப் போட முடியும்? பெருக்கினால் வருவது:

1300  1290
1250  1275

நிரைக்கு ஒரு வீடு, நிரலுக்கு ஒரு கடை. அரிசி அதிகம் வாங்கும் நமக்கு சூப்பர் மார்க்கெட் 10 ரூபாய் மலிவு. எண்ணெய் அதிகம் வாங்கும் பக்கத்து வீட்டுக்கு அண்ணாச்சி கடை 25 ரூபாய் மலிவு. எந்தக் கடை மலிவு என்று தெருவில் நடக்கும் சண்டையில், யாருடைய சிட்டைக்கு என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

1858-இல் இந்தப் பெருக்கலுக்கு இலக்கணம் வகுத்த ஆர்தர் கேலி அப்போது லண்டனில் வழக்கறிஞர். மளிகை அவர் மனத்தில் இல்லை. சமன்பாடுகளில் மாறிகளை அடுத்தடுத்து மாற்றுவதே அவர் கவலை. வரிசை மாறினால் விடையும் மாறலாம் என்று அவர் அன்றே எழுதிவைத்தார்.

நாமும் விலையை முன்னால் வைத்துப் பெருக்கிப் பார்க்கலாம். 3×3 அணி வரும். முதல் எண் 875: நாம் அண்ணாச்சியிடமும் பக்கத்து வீட்டார் சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கினால் ஆகும் அரிசிச் செலவு. மூலைவிட்டத்தில் அடுத்தவை பருப்புக்கு 460, எண்ணெய்க்கு 1240. மூன்றும் சேர்ந்து 2575. முந்தைய அணியில் 1300-உம் 1275-உம் சேர்ந்தாலும் அதே தொகை. மூலைவிட்டத்தை விட்டு நகர்ந்தால்தான் வினை. 875-க்குப் பக்கத்தில் 175 நிற்கிறது. பருப்பை எடுத்துக்கொண்டு அரிசி விலை கொடுத்த கணக்கு அது; அண்ணாச்சி ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.