அழுக்கு எது

சுத்தம் செய்வது என்ற காரியத்துக்குப் பின்னால் ஒரு தத்துவ அநுமானம் இருக்கிறது. பொருள் வேறு, அதன்மேல் படிந்த அழுக்கு வேறு. அழுக்கை நீக்கிவிட்டால் பொருள் தன் இயல்புக்குத் திரும்பிவிடும் என்பது அது. கண்ணாடி டம்ளர் விஷயத்தில் இது சரி. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரத்தின் விஷயத்தில் தவறு. இதை நான் ஒரு சிறு வன்முறையைச் செய்து முடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் வீட்டுப் புழக்கடையில், வேப்ப மரத்தடியில், ஒரு மர மேடை இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து, பிறகு கழிக்கப்பட்ட ஸ்லீப்பர் கட்டைகள், சால் மரம். அப்பா அவற்றை வாங்கி, விரற்கடை இடைவெளி விட்டு வரிசையாகப் பரப்பியிருந்தார். தினமும் தென்னந்துடைப்பத்தால் பெருக்குவார். பழைய கத்தி ஒன்றால் இடுக்கில் சிக்கிய வேப்பஞ்சருகுகளைக் கெல்லி எடுப்பார். ரிடையரான மனிதரின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்துப் போனபோது மேடை சாம்பல் பூத்துக் கிடந்தது. என் அசிரத்தையே நிறமாகி எதிரில் கிடப்பதாகப் பட்டது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, இரும்புக் கம்பி பிரஷ்ஷால் ஒரு பகல் முழுவதும் தேய்த்தேன். சாயங்காலம் கட்டைகள் புதிதாகத் தெரிந்தன. மனம் லேசாயிற்று. அடுத்த மழைக்குப் பிறகு அவற்றின்மேல் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கும் மரத்திலுள்ள துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த மேடையில் அழுக்கு என்று சொல்லத்தக்கது ஏதாவது இருந்தது என்றால், அது நான் கொண்டுவந்ததுதான்.

சாம்பல் நிறம் வெளியிலிருந்து வந்து படிவதில்லை. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரிய ஒளி சிதைக்கிறது; மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது; எஞ்சுவது வெளிறிய நார். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணமும் அந்த நிறத்துக்குக் கொஞ்சம் காரணம். நாம் தேய்த்து எடுப்பது பெரும்பாலும் மரத்தையேதான். இப்படி வெளுத்துத் தேயும் மரம், மென்மரமானால்கூட, நூறு வருஷத்தில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் இழக்கும். என் ஒரு நாள் உற்சாகம் பல வருஷத்து வெயிலுக்குச் சமம்.

மரத்தைக் கொல்வது வேறு. உளுக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காஞ்சிபுரத்து அத்திவரதர் அத்தி மரத்தாலானவர். 1979-லும் பிறகு 2019-லும் வெளியே வந்தார். இடைப்பட்ட 40 வருஷமும் குளத்து நீருக்குள். காற்று எட்டாத இடத்தில் இந்தப் பூஞ்சணம் பிழைப்பதில்லை. எப்போதும் உலர்ந்திருக்கும் உத்தரமும் கெடுவதில்லை. நட்ட கம்பம் உளுப்பது மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான்.

மேடையைப் புரட்டிப் பார்த்தபோது இரண்டு கட்டைகளின் முனைகள் மண்ணில் புதைந்து, விரலால் பிட்டால் உதிரும் நிலையில் இருந்தன. இடுக்குகளில் சருகு மட்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அப்பாவின் கத்தி என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது. தண்ணீர் வடிந்து போக வழி, அவ்வளவுதான். மேலே நிறம் மாறுவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

நமது ஒழுக்க உணர்வும் என் பிரஷ்ஷைப் போலத்தான் பெரும்பாலும் இயங்குகிறது. கண்ணில் படுவதைக் குற்றம் என்று தீர்மானித்து அதன்மீது பாய்கிறது. ஈரம் தேங்கும் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. அன்று நான் தேய்த்தது மரத்துக்காக அல்ல, என் குற்ற உணர்ச்சிக்காக. இரண்டு வருஷத்துக் கடனை ஒரு பகலில் அடைத்துவிடலாம் என்ற கணக்கு. பராமரிப்பில் இந்தக் கணக்கு செல்லாது. அது தினமும் செய்யப்படுவது. ஒன்றும் நேராமல் இருப்பதே அதன் பலன் என்பதால் செய்தவனுக்குக் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்ததும் அதனால்தான்.

பழையதையெல்லாம் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் கொள்ளக்கூடாது. உளுத்த முனைகளை அறுத்து எறிந்தேன். அதில் தயக்கத்துக்கு இடமில்லை. கட்டைகளுக்கு அடியில் கருங்கல் துண்டுகள் வைத்து மண்ணிலிருந்து தூக்கி வைத்திருக்கிறேன். நரைத்ததற்கும் உளுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் சொல்லாது, குத்திப் பார்க்கும் கத்திமுனைதான் சொல்லும். இலக்கியத்தில் மரபு பற்றி நாம் போடும் சண்டைகளில் இரண்டு கட்சியும் நிறத்தை வைத்தே பேசுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில் மரம் சற்றே வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அங்கேயும் தேய்த்துவிட்டேன். மற்ற இடங்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடி சாம்பல் பூத்துவிடும்.