வாடையும் நடுவுநிலைமையும்

மனிதனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அவன் நிற்கும் நிலத்தையும் அவன் வாழும் பொழுதையும் பற்றிப் பேசியது தமிழ் மரபு. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். உணவும் தொழிலும் பறையும் பிறவும் அவற்றின் பின்னரே கருப்பொருளாக வந்து சேர்கின்றன. குறிஞ்சி நிலத்துக்கு அம்மரபு உரிமையாக்கிய பெரும்பொழுது கூதிர். அதனோடு முன்பனியும் சேரும். மலையையும் குளிரையும் பிரித்துக் காண இயலாது என்பதை அறிந்தே முன்னோர் அவ்வாறு வகுத்தனர் எனலாம்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை அத்தகைய குறிஞ்சி நிலம். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அங்குச் சென்றதால் அப்பெயர் பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அதன் பின்னர் அம்மலைச் சரிவுகள் தேயிலைக்கு உரியவையாயின. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் நண்பகலிலும் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரியே மலேசியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை. பனிக்கட்டியில் நடந்து பழகிய நாட்டினருக்கு இது குளிராகவே தோன்றாது. கடலோரச் சமவெளியில் பிறந்து வளர்ந்த உடலுக்கோ இது பெருங்குளிர்.

தோட்டத்துக் காற்பந்து ஆட்டம் ஒன்றை மனத்தில் கொள்ளலாம். ஐப்பசி மழை விடாது பெய்யும் காலம். சரிவை வெட்டிச் சமன்செய்த சிறு திடல். சமவெளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பல மணிநேரம் பயணம் செய்து ஓர் அணி வந்து இறங்குகிறது. முழங்கால் வரை ஈரம், விரல்கள் விறைக்கின்றன, மூச்சு வாயருகே வெண்புகையாகிறது. எதிரே நிற்கும் மலைத்தோட்டத்து இளைஞர்களோ விடியற்பனியில் பிரட்டுக்குச் சென்று, மூடுபனிக்குள் கொழுந்தெடுத்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு அக்குளிர் அன்றாட வாழ்க்கை. ஆட்டம் முடிகிறது, மலை அணி வெல்கிறது. வென்றது யார்? ஆடியவர்களா, அன்றி வாடையா? வாடையே வென்றதெனின், அவ்வெற்றி அறத்தின்பாற் பட்டதாகுமா?

இவ்வினாவுக்குப் பலரும் எளிதாகத் தரும் விடை ஒன்றுண்டு. மழை இருவர் மீதும் பெய்தது. குளிர் இருவரையும் தீண்டியது. ஆகவே அநீதி எதுவுமில்லை என்பதே அது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விடை ஆராயுமிடத்து நிற்பதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையின் பெயருக்கு அறிஞர் கூறும் விளக்கம் இங்கு நினைத்தற்குரியது. தலைவனைப் பிரிந்து வாடும் அரசிக்கு அவ்வாடை நீண்ட வாடை. பாசறையில் வெற்றி நோக்கி நிற்கும் அரசனுக்கு அதுவே நல்ல வாடை. வீசியது ஒரே காற்று. அதற்கு வாய்த்த அடைமொழியோ இரண்டு. இருவர் மீதும் சமமாக விழுவதெல்லாம் இருவருக்கும் சமமாகிவிடுவதில்லை என்னும் உண்மையைத் தமிழ்ப் புலவன் ஒரு நூலின் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டான்.

அவ்வாறாயின் வானிலையே வெற்றியை வழங்குகிறது என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அமெரிக்காவின் கிரீன் பே நகரில், அந்நாட்டுக் காற்பந்தின் வாகையர் போட்டி நடைபெற்றது. உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிர். திடலின் அடியில் பதித்திருந்த வெப்பக் கம்பிகள் பயனளிக்காமற் போயின. புல்தரை பனிக்கட்டியாக இறுகியது. நடுவரின் ஊதல் உதட்டோடு உறைந்து ஒட்டியதால், அதன் பின்னர் வாய்மொழியாலேயே ஆட்டத்தை நடத்த வேண்டியதாயிற்று. வெப்பமிகு டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த டாலஸ் அணி அக்குளிரில் எளிதில் தளர்ந்து வீழ்ந்திருக்க வேண்டும் அன்றோ? நடந்ததோ வேறு. இறுதிக் கட்டத்தில் 17-க்கு 14 என்று அவ்வணியே முன்னணியில் நின்றது. ஆட்டம் முடிய 13 விநாடிகளே எஞ்சியிருந்தபோதுதான் கிரீன் பே அணி எல்லைக்கோட்டைக் கடந்து 21-க்கு 17 என்று வென்றது. குளிர் ஆட்டத்தைக் கடுமையாக்கியது. ஆயினும் ஆடுவோரின் உறுதிக்கு அங்கே இடமிருந்தது.

மலேசியர் பெருமையுடன் நினைவுகூரத் தக்க சான்றும் உண்டு. 1971-ஆம் ஆண்டு செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெற்றது. சொந்த மண்ணில் ஆடிய கொரிய அணியை, மழையில் நடந்த ஆட்டத்தில், சையது அகமது அடித்த ஒரே கோலால் மலேசியா வென்றது. கொரியர் பனியில் வளர்ந்தவர். மலேசியர் மழையில் வளர்ந்தவர். அந்த மழையை மலேசியர் அழைத்து வரவில்லை. கொரியரும் அழைத்து வரவில்லை. அது தானே வந்தது. வந்த மழையில் எவர் நன்கு ஆடினாரோ அவர் வென்றார். 1972-இல் எம். சந்திரன் தலைமையில் மியூனிக் சென்ற அணியின் தகுதியை அம்மழையின் பெயரால் எவரேனும் குறைத்துரைத்தால் அது முறையாகுமா?

ஆகவே வானிலையை மட்டும் நோக்கி அறம் உரைக்க இயலாது. வாடைக்கு மனம் இல்லை. மனம் இல்லாததன் மீது பழியும் இல்லை, புகழும் இல்லை. அறத்தின் ஆராய்ச்சி வாடையைவிட்டு, அதனைப் பயன்கொள்ளும் மனத்தின் மேல் செல்ல வேண்டும். அங்கே மூன்று நிலைகள் வேறுபடுகின்றன.

முதலாவது, வானிலை தற்செயலாக வந்து சேர்வது. சியோலின் மழை அத்தகையது. அதனை ஊழ் என்று ஏற்றுக்கொண்டு முயற்சியால் எதிர்கொள்வதே ஆடுவோர்க்கு அழகு. ஊழின் வலிமையைக் கூறிய வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

இரண்டாவது, வானிலை ஒருவரது வாழிடமாகவே அமைந்துவிடுவது. பொலிவியாவின் லா பாஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. வந்து ஆடுவோர்க்கு அங்கே மூச்சு முட்டும். 1993-இல் பிரேசில் அங்கே 2-க்கு 0 என்று தோற்றது; உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று வரலாற்றில் அதுவே அந்நாட்டின் முதல் தோல்வி. 2007-இல் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் பன்னாட்டு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. பொலிவிய மக்கள் கொதித்தெழுந்தனர். 2008-இல் அத்தடை விலக்கப்பட்டது. தடை விதித்தோர் விருந்தினரின் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டனர். அதில் நியாயம் உண்டு. எனினும், பிறந்த மண்ணில் ஆடும் உரிமையை மலைவாழ் மக்களிடமிருந்து பறிப்பது அதனினும் பெரிய அநீதியன்றோ? அம்மக்கள் வேண்டுமென்றே உயரத்தைத் தேர்ந்து ஏறி நிற்கவில்லை. அவர்களின் தொட்டிலும் இடுகாடும் அங்கேயே உள்ளன.

மூன்றாவது நிலையே ஐயத்துக்குரியது. வேறிடங்கள் பல இருக்க, எதிரணி தாங்க இயலாத இடத்தையும் பொழுதையும் ஒருவர் தேர்ந்தெடுப்பது அது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் அமெரிக்கா, வெப்ப நாடாகிய ஹோண்டுராஸை மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் எதிர்கொண்டது. உறைநிலைக்குக் கீழே 16 டிகிரி குளிர். ஹோண்டுராஸ் கோல் காவலர் உள்ளிட்ட இருவர் குளிரால் உடல்நலம் குன்றி இடைவேளைக்குப் பின் திடலுக்குத் திரும்பவில்லை. அமெரிக்கா 3-க்கு 0 என்று வென்றது. பயணத் தொலைவு குறையும் என்பதும் சொந்த மண்ணின் சாதகம் கிட்டும் என்பதும் இடத்தேர்வுக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஹோண்டுராஸும் தன் மண்ணின் வெயிலைத் துணைகொள்வதுண்டு. 2013-இல் சான் பெட்ரோ சூலா நகரின் பிற்பகல் வெயிலில் அமெரிக்கா 2-க்கு 1 என்று தோற்றது. ஆயினும் ஹோண்டுராஸ் எங்கு ஆடினாலும் வெப்பமே. பரந்த நாடாகிய அமெரிக்காவுக்கோ மிதமான தட்பவெப்பமுள்ள திடல்கள் பல இருந்தன. லா பாஸ் மக்களுக்கு உயரம் வாழிடம். செயின்ட் பாலில் குளிர் தேர்வு. இவ்வேறுபாட்டிலேதான் அறத்தின் எல்லைக்கோடு ஓடுகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். காலமும் இடமும் அறிந்து வெல்வது அறிவுடைமை என்று வள்ளுவரே கூறவில்லையா? பகலில் காகம் தன்னினும் வலிய கூகையை வெல்லும் என்றும், நீரில் பிறவற்றை வெல்லும் முதலை நீரைவிட்டு நீங்கின் பிறவற்றிடம் தோற்கும் என்றும் அவர் உவமை காட்டினார் அல்லரோ? உண்மை. ஆனால் அவ்வதிகாரங்கள் பொருட்பாலில், பகைவரை எதிர்கொள்ளும் அரசனுக்கு உரைத்தவை. காகத்துக்கும் கூகைக்கும் இடையே உடன்படிக்கை ஏதுமில்லை. விளையாட்டு அத்தகையதன்று. ஒரே விதி, ஒரே பந்து, ஒரே நடுவர் என்று இரு தரப்பாரும் உடன்பட்ட பின்னரே ஊதல் ஒலிக்கிறது. திறனை அளந்து பார்ப்போம் என்பதே அவ்வுடன்பாட்டின் உயிர். எதிரியின் திறன் வெளிப்படவே முடியாத நிலையை வேண்டுமென்று அமைப்பவர் அந்த உயிரைப் போக்கிவிட்டு உடலை மட்டும் வைத்து ஆடுகிறார். அங்கே எண்ணிக்கை எஞ்சும், வெற்றி எஞ்சாது. காலமறிதலும் இடனறிதலும் எழுதிய அதே கை, அறத்துப்பாலில் நடுவுநிலைமையையும் எழுதியது. முன்னவை வெல்லும் வழியைக் காட்டுகின்றன. பின்னது வெல்லத்தக்க வழியைக் காட்டுகிறது.

மலைத்தோட்டத்துத் திடலுக்கு மீண்டும் வருவோமாயின் விடை தெளிவாகிறது. மலை அணி தன் ஊரில் ஆடியது; அதில் குற்றமில்லை. குளிரைப் பழகியதால் பெற்ற உரத்தைக் காட்டியது, அதிலும் குற்றமில்லை. எனினும் வந்தவர்களுக்கு உடல் சூடேற்றிக்கொள்ளப் பொழுது கொடுத்ததா? உலர்ந்த துணியும் ஒதுங்க இடமும் சூடான தேநீரும் தந்ததா? இவற்றைச் செய்திருந்தால் அதன் வெற்றி முழுமையானது. செய்யாதிருந்தால் அவ்வெற்றியில் பாதி வாடைக்கு உரியது. செயின்ட் பாலில்கூட ஹோண்டுராஸ் ஆட்டக்காரர்களுக்கும் நடுவர்களுக்கும் குளிர்தாங்கும் உடைகள் வழங்கப்பட்டன என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும். தன் தேர்வின் கடுமையை ஓரளவேனும் தணிக்க வேண்டும் என்னும் உணர்வு அங்கும் இருந்தது.

இது திடலோடு முடியும் செய்தியன்று. எல்லார்க்கும் ஒரே வினாத்தாள் என்பதால் தேர்வு நடுவுநிலையானது என்று கருதுவோர் உளர். விளக்கும் மேசையும் அமைதியும் உள்ள வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கும், இவை யாவும் இல்லாத லயத்து வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கும் அத்தாள் ஒன்றேயாயினும், ஒருவனுக்கு அது நல்வாடை, மற்றவனுக்கு நெடுவாடை. வினாத்தாளை மாற்றுவது இதற்கு மருந்தன்று. அது திறனை இழிவுபடுத்துவதாகும். தேர்வுக்கு முன்னரே குளிர்காய நெருப்பு மூட்டித் தருவதே மருந்து. நல்லாசிரியர் செய்வது அதுவே.

கேமரன் மலைக்குத் தேயிலை பயிரிட வந்த தமிழர், வெப்பமிகு தமிழக ஊர்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் வழியினர். முதல் இரவுகளின் குளிர் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் அரிதன்று. அன்று அவர்கள் விருந்து அணி, வாடையோ எதிரணி. தலைமுறைகள் கடந்தன, வாடை உறவாயிற்று. இன்று அச்சரிவுகளில் கொழுந்தெடுப்போரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் சமவெளியினர் தம் முதல் கூதிரில் நடுங்கும்போது, குளிரைப் பழகிவிட்டவர் என்ன செய்கிறார்? நாங்கள் பட்டதை அவர்களும் படட்டும் என்பது ஒரு விடை. நாங்கள் பட்டதனால் அவர்கள் படவேண்டாம் என்பது மற்றொரு விடை. பட்ட துன்பம் மனிதனை எதுவாக ஆக்கியது என்பதை இவ்விரு விடைகளுமே காட்டிவிடும்.

பொதினி மலைக்குத் தலைவனாகிய பேகன், மயில் குளிரால் வருந்துகிறது என்று கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று உலகம் நகைத்திருக்கலாம். அதனைக் கொடைமடம் என்று பெயரிட்டும் வழங்கியது. ஆனால் கொடுப்பதில் பேதைமை காட்டிய அவன் போர்க்களத்தில் பேதைமை காட்டாதவன் என்று பரணர் அவனைப் போற்றினார். இரண்டும் ஒரே மனிதனிடம் இருந்தன. மலையில் வாழ்வோர்க்கு அம்மலைத் தலைவன் விட்டுச் சென்ற விதி அதுவே. திடலுக்குள் ஊதல் ஒலித்தபின் ஒரு கோலையும் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஊதல் ஒலிக்குமுன் போர்வையைக் கொடுத்துவிட வேண்டும்.