சாயமும் வாய்மையும்

மாதிரி இரயில்வண்டிகளைச் சேர்ப்பதும் அவற்றிற்கெனச் சிறு பாதை அமைத்து இயக்குவதும் இங்கிலாந்தில் பலர் போற்றும் பொழுதுபோக்கு. அவர்களுள் சிலர் ஜப்பானிய வண்டியின் மாதிரியை வாங்குவர். அதன் பழைய சாயத்தை நீக்குவர். பிரிட்டிஷ் இரயில்வேயின் நீலமும் சாம்பலும் பூசி, முகப்பில் மஞ்சள் தீட்டித் தம் நாட்டு ‘மல்டிபிள் யூனிட்’ வண்டியாக ஓடவிடுவர். இழுத்துச் செல்லத் தனி எஞ்சின் இன்றி, பெட்டிகளிலேயே பொறிகள் அமைந்த தொடர்வண்டிக்கு அப்பெயர். இச்சிறு செயலில் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. ஒன்றை மற்றொன்றாகத் தோன்றச் செய்வது கலையா, பொய்யா?

பொய்யே என்பார் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜப்பானியப் புறநகர் வண்டியில் பெட்டியின் ஒரு பக்கத்திற்கு நான்கு கதவுகள் இருத்தல் பெருவழக்கு. 1976-இல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கிய 313 வகை வண்டிக்கோ இரண்டே கதவுகள். சாயம் நிறத்தை மாற்றும், கதவை மூடாது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது போன்றதே இது என்பது அவர்தம் வாதம்.

ஆயின், கடையில் ‘பிரிட்டிஷ்’ என்றே விற்கப்படும் மாதிரி முழு உண்மையா? அங்குப் பெரிதும் வழங்கும் ‘டபுள் ஓ’ அளவில் வண்டியின் உடல் 76-இல் ஒரு பங்கு. அவ்வளவுப்படி தண்டவாளங்களின் இடைவெளி ஏறத்தாழ 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும், இருப்பதோ 16.5 மில்லிமீட்டரே. உடலுக்கு ஓர் அளவு, பாதைக்கு மற்றோர் அளவு! மாறாக, ‘என்’ அளவில் ஜப்பானியக் குறும்பாதை வண்டியின் மாதிரி 150-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் மாதிரி 148-இல் ஒரு பங்கு. 20 மீட்டர்ப் பெட்டியில் இவற்றிடையே 2 மில்லிமீட்டர் வேறுபாடுகூட இல்லை. எந்த மாதிரியும் சிலவற்றைக் காத்துச் சிலவற்றை விடுகிறது. குறையுடைமையே பொய்யெனின், மாதிரி அனைத்தும் பொய்யாகிவிடும்.

பிறப்பிடத்தைக் கொண்டு தீர்ப்பதும் பொருந்தாது. 2009 முதல் லண்டனையும் கெண்ட் மாவட்டத்தையும் இணைத்து ஓடும் 395 வகை வண்டிகள், ஹிட்டாச்சி நிறுவனம் ஜப்பானில் உருவாக்கியவை. அவற்றைப் போலி என்பார் யார்? அம்மக்களைச் சுமந்து செல்லும் தொழிலே அவற்றை அந்நாட்டு வண்டிகள் ஆக்கியது. மாதிரிக்கோ சுமக்கும் தொழில் இல்லை. காட்டுவதே அதன் தொழில். ஆகவே எதைக் காட்டுகிறது, எவ்வளவு காட்டுகிறது என்பதில் நேர்மை வேண்டும்.

அந்நேர்மை இருவகைப்படும். முதலாவது, காண்பாரிடத்து நேர்மை. கூத்தில் அரசவேடம் புனைந்தவனை யாரும் வஞ்சகன் என்னார்; ஏனெனில் வேடம் என்பதை அவை அறியும். அவ்வேடத்தோடு ஊருள் புகுந்து வரி கேட்பானாயின் அது குற்றம். சாயம் மாற்றிய வண்டியை அவ்வாறே கூறிக் காட்டுவது கலை; மறைத்து விற்பது களவு.

இரண்டாவது, மூலத்தினிடத்து நேர்மை. முகப்பு மஞ்சள் வெறும் அழகிற்காகத் தோன்றியதன்று. பாதையில் பணிபுரியும் தொழிலாளி வண்டி வருவதைத் தொலைவிலேயே கண்டு விலக வேண்டும் என்பதற்காகத் தோன்றியது. அதனை அறிந்து தீட்டுபவன் ஒரு நிறத்தை மட்டும் தீட்டவில்லை. மனித உயிர்மீது கொண்ட அக்கறையையும் நினைவூட்டுகிறான். அறியாது தீட்டுபவனுக்கு அது சாயமே.

பூனையின் பிழை, புலியைப் போல் ஆக விரும்பியதன்று. வரி புலிக்கு எதற்கென அறியாமல் தன்னைச் சுட்டுக்கொண்டதே. சான்றோர் நடையைப் பார்த்து எழுதப் பழகும் மாணவனுக்கும் இது பொருந்தும். சொல்லை மட்டும் எடுப்பவன் சாயம் பூசுகிறான். அச்சொல் அங்கு ஏன் வந்தது என ஆராய்ந்து, யாரிடம் கற்றான் என்பதையும் மறையாது உரைப்பவனே கற்கிறான்.